மூன்றடி நூல்

ஒரகடம் பக்கம்
2.9.1975

இன்னா மச்சான் ரகுபதி, நல்லா கீறியா? லீலா எப்டி கீது? வாயும் வயிறுமா கீற பொண்ணு, தண்ணிக் கொடத்தத் தூக்கவுடாத. அம்பத்தூருல மழ உண்டா? இங்க ஒரு தூத்தல் போட்டுட்டுப் போச்சி, அவ்ளோதான். ஏரி மண்ணு பாளம் பாளமா வெடிச்சி கீது. நாங்க எல்லாம் சொகம்.

எழுத்து புதுசா கீதேன்னு பாப்பே. இத எழுதறது நம்ம தெருக்கோடி தாமஸ் வாத்தியார் மருமவ கிரேசி. முன்ன எழுதிக் குடுத்த கன்னியப்பன் பட்டாளத்துக்குப் பூட்டான். கிரேசி வேகமா எழுதும். ஆனா நான் வாயத் தொறந்து இன்னா சொன்னாலும் எழுதிடுது. பாஞ்சாலி, ஆட்ட அவுத்து உடாத, வேலிய மேஞ்சிடும். தோ, இதயும் எழுதிகினு கீது. அட, அத அடிச்சிடும்மான்னா, "அடிச்சா காயிதம் அசிங்கமா பூடும் மாமா"ன்னுது. என் தங்கச்சி பாஞ்சாலி ஊர்லேந்து வந்து இங்கயே தங்கி கீது, கூடமாட ஒத்தாசைக்கு. இன்னொண்ணு, தபால்காரன் கண்ணப்பன் மணி அடிச்சிகினு தெருவுக்குள்ள வந்தா லெட்டர் அந்த எடத்தோட நின்னுடும். அவன் கால ஊனி நிக்க மாட்டான், கையில புடுங்கிகினு போயிகினே இருப்பான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நீ புதுசு வாங்கினப்ப எனக்குத் தூக்கிக் குடுத்தியே பெட்டிக் கேமரா, அதுக்கு ஒரு சாமான் வேணும். போன வாரம் ஸ்ரீபெரும்புதூர் பஜாருக்குப் போயிருந்தேன். போற வழியில ஒருத்தன் சேவல மடியில வெச்சிகினு பஸ்ஸுல வந்தான். அது கண்டக்டர் மாரியோட கையக் கொத்திட்ச்சி. "சேவலுக்கும் டிக்கெட் எடு"ன்னான் மாரி. "அது என் மச்சான், பாஸ் கீது"ன்றான் அவன். பஸ்ஸே சிரிச்சிது. எதுக்குச் சொல்ல வந்தேன்? ஆங், போட்டோ கழுவற அண்ணாதுரை கடைக்குப் போனேன். நான் எடுத்த படத்தயெல்லாம் பரப்பி வெச்சிகினு அவரு சொல்றாரு, "கோதண்டம், நீ மாடு எடுக்கற, ஏரி எடுக்கற, தேரு எடுக்கற, எல்லாம் ஜோர். ஆனா மனுசன் மூஞ்சி ஒண்ணு கூட இல்லியேய்யா, எல்லாம் எறும்பு மாதிரி கீறாங்களே." நான் இன்னா பண்ணுவேன்? பத்தடிக்குக் கிட்ட போனா இந்தப் பெட்டிக்குக் கண்ணு மங்கிடுது. அதுக்குன்னு தனியா சாமான் விக்குது, மவுண்ட் ரோட்டுல கெடைக்கும்னாரு. மின்னல் அடிக்கற லைட்டு, மூணு காலு, மஞ்சக் கண்ணாடின்னு என்னென்னமோ சொன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீ அதுலயே ஊறினவன். ஒண்ணே ஒண்ணு வாங்க முடியும், எத வாங்கலாம்?

உள்ளேர்ந்து உங்கக்கா கனகம் கொரல் குடுக்குது: "இன்னாய்யா, என் சக்களத்திக்கு நக வாங்கித் தரச் சொல்லி என் தம்பிக்கே எழுதறியா?" கேமராவத் தான் சொல்லுது. பத்து வருசமா அந்தப் பேர் தான்.

எனக்கு வேண்டியது இதான் மச்சான். கிட்டத்துல எடுக்கணும். வூட்டுக்குள்ள எடுக்கணும். எதுக்குன்னு கேட்டியானா, அது வந்து

○

அம்பத்தூர்
10.9.1975

மாமாவுக்கு ரகுபதி எழுதுவது.

உங்கள் கடிதம் "அது வந்து" என்பதோடு நின்றுவிட்டது. லீலா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களிடம் கேமராவைக் கொடுத்ததை நினைத்தாலே என் கல்யாண ஆல்பம் கண்முன் வருகிறது. பிலிம் சுருளைத் திருப்ப மறந்து ஒரு படத்தின் மேலேயே இன்னொன்றை எடுத்தீர்கள். தாலி கட்டும்போது லீலாவின் தலைமேல் உங்கள் செவலை மாடு நிற்கிறது. என் மாமனார் வீட்டில் இன்றைக்கும் என்னை "மாட்டு மாப்பிள்ளை" என்கிறார்கள். இரண்டு வருடமாக நான் ஊருக்கு வராததற்கு அது மட்டும் காரணம் இல்லை. ஆனால் அதுவும் ஒரு காரணம்.

போகட்டும். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஃப்ளாஷ் உங்கள் பெட்டியில் பொருந்தாது. அதற்கான சொருகுமிடமே அதில் கிடையாது. டிரைபாட் என்கிற முக்காலி இருந்தால் இருட்டு வீட்டுக்குள்ளும் ஷட்டரைத் திறந்து வைத்து எடுக்கலாம். ஆனால் எதிரே இருப்பவர் மூச்சைக்கூட அடக்கி உட்கார வேண்டும். மஞ்சள் ஃபில்டர் வானத்தில் மேகம் தெரிவதற்கு. அதை வாங்கினால் மேகத்தைத்தான் எடுக்க வேண்டும். கிட்டத்தில் எடுக்க வேண்டுமானால் போர்ட்ரெய்ட் லென்ஸ் என்று ஒன்று உண்டு. கேமராவின் கண்ணுக்கு மேலே மாட்டும் சின்ன மூக்குக் கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெளிச்சம் வேண்டும்.

எதை எடுக்கப் போகிறோம் என்று தெரியாமல் சாமான் வாங்குகிறவன் பொழுதுபோக்குக்காரன் இல்லை, ஊதாரி. நானே மூன்று வருடம் அப்படி இருந்தேன், அலமாரியில் சாமான் சேர்ந்தது, ஆல்பத்தில் படம் சேரவில்லை. முதலில் எதற்கு என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. முன்பெல்லாம் உங்கள் கடிதம் ஒன்றில் அக்கா பத்து இடத்தில் குறுக்கே பேசுவாள். இந்தத் தடவை ஒரே ஒரு முறை. அதுவும் உள்ளேயிருந்து. வாசலுக்கு வரவில்லையா? பாஞ்சாலி ஏன் உங்கள் வீட்டில் வந்து இருக்கிறாள்?

ரகுபதி

○

ஏரிக்கரை
16.9.1975

மச்சான்,

இந்த லெட்டர வூட்டுல குந்தி சொல்லல. ஏரிக்கரைக்கு வந்து புளியமரத்தடியில குந்திகினு சொல்றேன். கிரேசி சாக்க விரிச்சிப் போட்டு எழுதிகினு கீது. கண்ணப்பனும் இந்தக் கரை வழியாத் தான் வருவான். உங்கக்காளுக்குப் பாம்புக் காது. வூட்டுல சொன்னா அடுப்பங்கரையிலேந்து கேட்டுடும். இப்பல்லாம் அடுப்பங்கரையில இல்ல அது. கட்டில்ல கீது.

இந்தப் புளியமரத்துல தான் ராமன் தாத்தா ஒரு தபா உடும்பு புடிக்க ஏறி, எறங்கத் தெரியாம, பொண்டாட்டி வந்து தொடப்பத்தக் காட்டி எறக்கினா. அத அப்பால சொல்றேன். நான் சொல்ல வேண்டியத தள்ளித் தள்ளிப் போட்டுகினே போறேன், எனக்கே தெரியுது.

உங்கக்காளுக்கு வயித்துல கட்டி மச்சான். ஆடி மாசம் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போனோம். உனக்குச் சொல்லல. "தம்பி கிட்ட சொன்னியானா நான் எறங்கி நடந்தே ஊருக்குப் பூடுவேன்"னு பஸ்ஸுல வெச்சி மெரட்டிட்ச்சி. அந்தக் கட்டி எங்கெங்கயோ பரவிட்ச்சாம், அறுத்துப் பிரயோசனம் இல்லியாம். டாக்டரு என்ன மட்டும் வெளிய இட்டாந்து, "வூட்டுக்குக் கூட்டிகினு போயி ஆசப்பட்டதக் குடுங்க"ன்னாரு. நான் உள்ள போனேன். "இன்னா ஆசப்பட்டதக் குடுக்கச் சொன்னானா?"ன்னு கேட்டுட்டுச் சிரிச்சிது. வெளிய சொன்னதக் கேட்டுகினே இருந்து கீது. சொன்னேனே, பாம்புக் காது.

லீலா பெத்துப் பொழைக்கற வரைக்கும் உனக்குத் தெரியக் கூடாதுன்னு வெளக்க அணைச்சி சத்தியம் வாங்கிகிச்சி. சத்தியத்த ஒடைக்கறேன். எனக்கு வேற வழி இல்ல. ஏன்னு சொல்றேன்.

எங்களுக்குப் புள்ள இல்லன்றது உனக்குத் தெரியும். உன் புள்ள தான் எங்களுக்கும். அன்னிக்கி கஞ்சி குடிச்சிகினே கேக்குது, "யோவ், நாளைக்கி ரகுபதி புள்ள வந்து, எங்க அத்த எப்டி இருப்பான்னு கேட்டா இன்னாத்தக் காட்டுவே? வைக்கப்போரக் காட்டுவியா?" அது இருக்கற படம் மொத்தம் ஒண்ணு தான். வைக்கப்போருக்குப் பக்கத்துல ஒரு கடுகு மாதிரி நின்னுகினு, அதுலயும் முந்தானியால வாயப் பொத்திகினு. பத்து வருசம் கேமராவ வெச்சிகினு நான் மாட்ட எடுத்தேன் மச்சான். இது எங்க போயிடப் போவுதுன்னு இருந்துட்டேன்.

அது வெளிய வந்து நிக்க முடியாது. எழுந்தா தல சுத்தி உழுந்துடுது. வூட்டுக்குள்ள இருட்டு. ஆனா காலையில கொஞ்ச நேரம் வாசப்படி வழியா வெயில் உள்ள வந்து கட்டில் காலு வரைக்கும் உழுவும். அந்த வெயில்ல கிட்ட போயி எடுக்கணும், மூஞ்சி நல்லாத் தெரியணும். அதுக்கு எது வேணுமோ அத வாங்கி அனுப்பு. என்ன அப்பால திட்டு. இப்ப

○

அம்பத்தூர்
20.9.1975

மாமா,

ஆடி மாதம். நீங்கள் போன பெரியாஸ்பத்திரி என் கம்பெனியிலிருந்து ஒரே பஸ் தூரம்தானே? என் கூடப்பிறந்தவள் அதற்குள் உட்கார்ந்திருந்தாள். நான் கம்பெனியில் லேத்தில் இரும்பு சீவிக்கொண்டிருந்தேன்.

வேறு டாக்டர் இருக்கிறார்கள். வேறு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒருவர் சொன்னதும் திரும்பிவந்துவிட்டு, லென்ஸ் கேட்டுக் கடிதம் எழுதுகிறீர்கள். உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அவளை என்னோடு அழைத்துக்கொண்டு போகிறேன். தயார் செய்து வையுங்கள்.

ரகுபதி

○

அம்பத்தூர்
29.9.1975

மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உங்களை எல்லார் முன்னாலும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பாஞ்சாலி கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் கை நீட்டியும் இருப்பேன். நீங்கள் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நான் கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, "மோர் குடி மச்சான், வெயில்ல வந்தே" என்றீர்கள்.

அவள் வரமாட்டாள் என்று எனக்கும் புரிந்துவிட்டது. அந்த உடம்பை பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஆஸ்பத்திரிச் சீட்டை அம்பத்தூரில் இரண்டு டாக்டர்களிடம் காட்டினேன். இரண்டு பேரும் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

என் கேமராவை எடுத்துக்கொண்டு வந்தும் ஏன் நான் எடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் மோர் எடுக்கப் போயிருந்தபோது எடுக்கப் பார்த்தேன். கண்ணில் வைத்தேன். அதற்குள்ளே அவள் முகம் பக்கத்தில் வந்தது. கேமராவை இறக்கினேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "நீ எடுக்காத தம்பி. உன் கண்ணுல எனக்கு இன்னா ஆவப்போவுதுன்னு தெரியுது. அந்தாளு எடுக்கட்டும், அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

அதனால் நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

முக்காலி வேண்டாம் என்று முடிவு செய்தேன். இருட்டில் நீண்ட நேரம் அசையாமல் உட்கார அவளால் முடியாது. போர்ட்ரெய்ட் லென்ஸ்தான். கண்டக்டர் மாரியிடம் கொடுத்தனுப்புகிறேன். கேமராவின் கண்மேல் அழுத்தி மாட்டினால் நிற்கும். கூடவே ஒரு நூல் வைத்திருக்கிறேன். சரியாக மூன்றடி. ஒரு முனையைக் கேமராவில் கட்டுங்கள். மறு முனை அக்காவின் மூக்கு நுனியைத் தொட வேண்டும். நூல் தொய்ந்தாலும் படம் மங்கும், எட்டாவிட்டாலும் மங்கும். விறைப்பாகப் பிடித்துப் பார்த்து, நூலை விட்டுவிட்டு, உடனே அமுக்குங்கள். வெயில் அவள் கன்னத்தில் படட்டும், கண்ணில் வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் சுருளைத் திருப்புங்கள். அவள் தலையில் மாடு வேண்டாம்.

லென்ஸ் கண்ணாடியில் விரல் படக்கூடாது. இதை மறக்காதீர்கள்.

லீலாவுக்கு நாள் நெருங்குகிறது. கால் வீங்கியிருக்கிறது. அவளைத் தனியே விட்டு என்னால் இனி நகர முடியாது.

ரகுபதி

○

ஒரகடம் பக்கம்
18.10.1975

மச்சான் ரகுபதி, லீலா எப்டி கீது? வலி கிலி கண்டுச்சா? இங்க உங்கக்கா தெனம் மூணு தபா கேக்குது.

எடுத்துட்டேன் மச்சான்! ரோல் பூரா எடுத்துட்டேன். பன்னெண்டும் உங்கக்கா தான். மாடு இல்ல, மரம் இல்ல. லெட்டரு தபால்ல வரும், ரோல மாரி கையில குடுத்தனுப்பறேன். அண்ணாதுரை கிட்ட குடுக்க மனசு வரல, நீயே கழுவு.

மொதல்லேந்து சொல்றேன். கண்ணாடி வந்து ரெண்டு வாரம் ஆவுது. ஆனா தெனம் ஒரு எடஞ்சல். ஒரு நாளு அதுக்கு வலி. ஒரு நாளு மேகம். ஒரு நாளு வெயிலும் வந்து அதுவும் சும்மா இருக்குது, எதுத்த வூட்டு தாயாரம்மா மாட்ட இட்டாந்து வாசலுக்கு நேரா கட்டிட்டா. "நெழலு உழுது, அவுத்து உடு"ன்னா, "ஒரு நாளும் மாட்டத் தவிர வேற எடுக்காத ஆளு, இன்னிக்கி மாடு ஆவலியா?"ன்றா. நாயம் தான்.

அப்பால ஆயுத பூச வந்துட்ச்சி. ஏரு, மம்புட்டி, அருவா, ஏத்தச் சாலு எல்லாத்தயும் கழுவி நடுவூட்டுல வெச்சேன். கேமராவயும் வெச்சேன், புதுக் கண்ணாடிய மாட்டி. பத்து நாளா எழுந்திரிக்காத உங்கக்கா அன்னிக்கி எழுந்திரிச்சி கீது மச்சான். பாஞ்சாலி தோளப் புடிச்சிகினு வந்து, "வருசா வருசம் நான் தான வெப்பேன்"னு சந்தனக் கிண்ணிய வாங்கிகிச்சி. ஒவ்வொண்ணுக்கா வெச்சிகினே வந்து கேமராவாண்ட நின்னுட்ச்சி. "என் சக்களத்திக்கு நெத்தி எங்கய்யா கீது? மூஞ்சி பூரா ஒத்தக் கண்ணா இல்ல கீது?" சொல்லிகினே அந்தப் புதுக் கண்ணாடி நட்ட நடுவுல சந்தனத்த வெச்சி, அதும்மேல குங்குமமும் வெச்சி, "போ, நீயாவது தீர்க்காயுசா இரு"ன்னுச்சி. எல்லாரும் சிரிச்சோம். சிரிச்சிகினே நான் சூடம் ஏத்தினேன்.

விரல் படக்கூடாதுன்னு நீ எழுதினது நெனப்பு கீது. நான் படவே உடல. பூசப் பொட்டு வேற. மறுநாளு அத வேட்டி முனையால பதனமாத் தொடச்சிட்டேன், கண்ணுக்கு ஒண்ணும் தெரியல.

அதுக்கு மறுநாளு வெயில் வந்துச்சி பாரு, நெய்யி மாதிரி. பாஞ்சாலி தல வாரி, பொட்டு வெச்சி, அந்த அரக்குச் சேலையக் கட்டி உட்டுச்சி. நூல நீட்டினேன். அதே புடிச்சிகினு மூக்குல வெச்சிகிச்சி. "இன்னாய்யா, மூக்கணாங்கயிறா?"ன்னுது. நான் விறைப்பாப் புடி, விறைப்பாப் புடின்றேன். அது நூலப் புடிச்சி என்ன இஸ்து வெளயாடுது. கண்ணாலம் ஆவறப்ப பதினாறு வயசுல இப்டித் தான் முந்தானி முடிச்சப் புடிச்சி இஸ்துச்சி, எங்கம்மா கூட மொறச்சிது. அப்பால சும்மா ஆயி என்னயே பாத்துது மச்சான். வாயப் பொத்தல. மூஞ்சியத் திருப்பல. அப்டி நேரா என்ன அது பாத்ததே இல்ல இத்தினி வருசத்துல. அமுக்கினேன். திருப்பினேன். அமுக்கினேன்.

நல்ல வேள, அன்னிக்கே எடுத்தேன். அடுத்த நாளே மழ புடிச்சிகிச்சி. வானம் மூடியே கெடக்குது. அதுவும் அன்னியோட படுத்தது தான், இன்னும் எழுந்திரிக்கல. கஞ்சி உள்ள எறங்கல. ஆனா "படம் வந்துச்சா"ன்னு மட்டும் கேக்குது. கண்ணப்பன் மணி கேக்குது. ஒடனே கழுவி ஒண்ணு

○

அம்பத்தூர்
27.10.1975

மாமாவுக்கும் அக்காவுக்கும்,

வெள்ளிக்கிழமை காலை பெண் குழந்தை பிறந்தது. நல்ல நிறை. தலை நிறைய முடி, அக்காவைப் போலச் சுருட்டை. அத்தை வந்து பெயர் வைக்கும்வரை "பாப்பா"தான். லீலாவுக்குக் காய்ச்சல் விடவில்லை. ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். நானும் அங்கேயே இருக்கிறேன்.

கிரேசி, இதுவரை அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். இதற்குமேல் மாமாவை வெளியே அழைத்துக்கொண்டு போய்ப் படியுங்கள். அக்கா காதுக்கு எட்டாத தூரத்துக்கு.

மாமா, ரோலைக் கழுவிவிட்டேன்.

உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. நூல் சரியாக இருந்திருக்கிறது. வெயில் சரி. ஒன்றின்மேல் ஒன்று எடுக்கவில்லை. கட்டில் கயிறு தெரிகிறது, சேலைக் கரையின் ஒவ்வொரு இழையும் தெரிகிறது, சுவரில் மாட்டிய சல்லடை தெரிகிறது. அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு புகை. பன்னிரண்டிலும்.

சந்தனம். வேட்டியால் துடைத்தபோது போகவில்லை, அதன் எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகப் பரவியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, பிலிமுக்குத் தெரியும். கண்ணாடியின் நடுவில் வைத்தாள். படத்தின் நடுவில் விழுந்தது.

பிரிண்ட் போடும்போது அந்த இடத்தை மட்டும் கையால் மறைத்தும் திறந்தும், தாளை மாற்றியும், எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். இரண்டு கண் இருப்பது மாதிரி ஒரு நிழல் வந்தது. அவ்வளவுதான். அதை உங்களுக்கு அனுப்பக் கை வரவில்லை.

விரல் படக்கூடாது என்று எழுதினேன். பொட்டு வைக்காதீர்கள் என்று எழுதத் தோன்றவில்லை. நானும் அந்த வீட்டில் பிறந்தவன்தான். அம்பத்தூரில் என் லேத்துக்கு நானே வருடம் தவறாமல் பொட்டு வைக்கிறேன். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அவளிடம் சொல்லாதீர்கள். பிலிமில் வெளிச்சம் புகுந்துவிட்டது என்று சொல்லுங்கள். லென்ஸைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பழைய மல் துணியால் ஒற்றியெடுங்கள். வாயால் ஊதி ஆவி படியவைத்து, சாய்த்துப் பாருங்கள். ஆவி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மறைந்தால் சுத்தம் என்று அர்த்தம். புது ரோல் மாரி கொண்டுவருவான். முதல் வெயிலில் எடுத்துவிடுங்கள் மாமா. எந்த வெயிலாக இருந்தாலும்.

தீபாவளி அன்று எப்படியும் வருகிறேன்.

ரகுபதி

○

ஒரகடம் பக்கம்
31.10.1975

மச்சான், கொழந்த நல்லா கீதா? லீலாவுக்குக் காய்ச்ச உட்டுச்சா? சேதி கேட்டதும் உங்கக்கா, "எனக்கு மருமவ பொறந்துட்டா, எனக்கு மருமவ பொறந்துட்டா"ன்னு கட்டில்ல கையத் தட்டுச்சி. சத்தம் வரல, கை மட்டும் ஆடுச்சி.

அதுங்கிட்ட பொய் சொல்ல எனக்கு வரல மச்சான். ரோலுல வெளிச்சம் பூந்துட்ச்சின்னேன். "நான் அதும் கண்ணுல வெச்சிட்டேன், அதான?"ன்னுச்சி. இல்லவே இல்லன்னேன். சத்தியமான்னுது. வெளக்கக் கொண்டான்னுது. பாஞ்சாலி ஓடிப்போயி எண்ண இல்லன்னு சொல்லிட்ச்சி. அப்பால செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகிச்சி. சாயந்தரமாத் தான், "பத்து வருசம் சக்களத்தி சக்களத்தின்னு வைஞ்சேன், பழி தீத்துகிச்சி"ன்னு சொல்லிச் சிரிக்கப் பாத்துது. சிரிப்பு இருமலாப் பூடுச்சி.

கண்ணாடிய நீ சொன்ன மாதிரியே கழுவினேன். ஊதி ஊதிப் பாத்தேன். ஆவி ஒரே மாதிரி போவுது. புது ரோலு மாட்டிட்டேன். மழ தான் உடல. ஏரி ரொம்பிடுச்சி, கலங்கல்ல தண்ணி வழிஞ்சி போவுது, ஊரே சந்தோசமா கீது. எனக்கு மட்டும் வானத்தப் பாத்தா வயிறு எரியுது. மழ வேணாம்னு வேண்டற ஒரே குடியானவன் இந்த ஜில்லாவுல நான் தான்.

இன்னிக்கி விடியறப்போ கெழக்கால கொஞ்சம் தொறந்துச்சி. அதான் பாஞ்சாலி அதத் தூக்கி ஒக்கார வெச்சி, முதுகுக்கு மூட்டயக் குடுத்து, அதே அரக்குச் சேலையக் கட்டி உட்டு கீது. கட்டில வாசப்படி ஓரமா இஸ்துப் போட்டோம். கேமரா என் பக்கத்துல ஸ்டூலு மேல கீது. நூலு ஒரு முனை அதுல, இன்னொரு முனை உங்கக்கா கையில. விரல்ல சுத்திகினு கீது. நான் வாசப்படியில குந்திகினு வானத்தயே பாத்துகினு கீறேன், அது எனக்கு முதுகு பக்கம். கிரேசி எதுத்தாப்புல கல்லுமேல குந்தி எழுதுது. வெயில் வர்ற வரைக்கும் சும்மா இன்னாத்துக்கு இருக்கணும், தம்பிக்கு எழுதுன்னு உங்கக்கா தான் சொன்னது. பேசத் தெம்பு இல்ல, ஆனா நான் கத அளந்தா நூல இஸ்துது. தோ, இஸ்துட்ச்சி. கேமரா ஆடுது பாரு. விஷயத்துக்கு வான்னு அர்த்தம்.

விஷயம் இன்னான்னா, கொழந்தைக்குப் பேரு சொல்லி கீது. ஒம்மேல நம்பிக்க இல்ல, எதனா சினிமாப் பேரு வெச்சிடுவேன்னு அதே யோசிச்சி கீது. நேத்து எங்காதுல சொன்னது. அத இந்த லெட்டர்ல எழுத வேணாமாம், நீ தீபாவளிக்கி வரும்போது அதே வாயால சொல்லுமாம். அத்த தான் சொல்லணும், மொறன்னு ஒண்ணு கீதில்ல. எனக்கு வாயி நிக்காதுன்னு உனக்குத் தெரியும். ஒரே ஒரு எழுத்து சொல்றேன். அய்யோ, இஸ்துட்ச்சி. சரி சரி, சொல்லல.

தாயாரம்மா இன்னிக்கி மாட்ட கொல்லப் பக்கம் கட்டி கீறா, நான் கேக்காமயே. நல்லவ தான். அவ புருசன் ஒரு தபா ஒரகடம் சந்தையில ஒத்தக் கொம்பு மாடு வாங்கியாந்து, ரெண்டு கொம்பு மாட்டுக்கு உண்டான பேச்செல்லாம் பேசி, அத வித்த கத கீதே, அது பெரிய கூத்து. அந்த மாட்டுக்கு இன்னொரு கொம்பு எப்டிப் போச்சின்னா, அவங்க ஊருல ஒரு பூசாரி. இத்தினி சொல்லியும் நூல இஸ்க்கல பாரு. தூங்கிட்ச்சி போல. நல்லது, ரவ நேரம் கண்ணு மூடட்டும், வலி தெரியாம. மூஞ்சி தெளிவா இருக்கும் படத்துல.

மச்சான், மேகம் வெலகுது. கிரேசி, மேல பாரு, அந்த பனமரத்தாண்ட. வந்துட்ச்சி. தெருவுல உழுந்துட்ச்சி, வேலி மேல உழுந்துட்ச்சி. கோழியெல்லாம் ஓடியாந்து நிக்குது. வாசப்படி ஏறுது மச்சான், என் காலு மேல கீது வெயிலு, சூடா கீது. கனகம், ஏ கனகம், எழுந்திரு, சக்களத்தி ரெடியா கீறா. நூலத் தூக்கி மூக்குல வெய்யி. விறைப்பாப் புடி. இன்னா, நூலு தரையில கெடக்குது?

"அண்ணா, இங்க வா."

இரு பாஞ்சாலி, கேமரா எடுத்துகினு வர்றேன்.

"கேமராவ வெச்சிட்டு வாண்ணா. அண்ணியப் பாருண்ணா."

வர்றேன், வர்றேன், இந்த வெயிலு பூடப் போவுது. மச்சான், கட்டில் வரைக்கும் வந்துட்ச்சி வெயிலு, அது மூஞ்சி மேலயே உழுந்து கீது, நீ சொன்ன மாதிரியே கன்னத்துல, நான் இப்ப நூல ஒரே ஒரு தபா இஸ்துப் பாத்துட்டு